எது எரிகிறது என்று முதலில் எழுதுங்கள்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டத்தில் வடகடல் (பாக் நீரிணை) பக்கத்து ஊர் ஒன்றில் மகளிர் குழு நடத்துகிறேன். வார்டு உறுப்பினராகவும் இருக்கிறேன். எங்கள் ஊருக்குக் காற்றின் தரத்தையும் காலநிலையையும் சேர்த்து ஒரு செயல்திட்டம் போடுகிறார்கள். வரைவைக் கையில் கொடுத்து, கூட்டத்தில் கருத்துச் சொல்லுங்கள் என்றார்கள். பேருந்து நிலையத்தில் காற்றின் தரம் காட்டும் பலகை, தண்ணீர் தெளிக்கும் லாரி, பத்தாயிரம் மரக்கன்று, மின்சாரப் பேருந்து என்று அதில் இருக்கிறது. கடற்காற்று வீசும் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் மார்கழி, தை வந்தால் என் அம்மாவுக்கு இருமல் நிற்பதில்லை. குப்பைக் கிடங்கு ராத்திரியில் புகைகிறது. எங்கள் குழுவில் ஒன்பது பேர், விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்தில் கூலிக்குப் போகிறவர்கள். திட்டம் வந்தால் மூட்டத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். கூட்டத்தில் நான் என்ன கேட்க வேண்டும் சார்? (ஊர், பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மாவைப் பற்றி. மாதக்கணக்கில் இருமல் வந்து வந்து போகிறது என்றால், காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளிப் பரிசோதனையையும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். அவர் இன்னும் விறகடுப்பில் சமைக்கிறாரா, எத்தனை வருடம் சமைத்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நான் பொறியாளர், மருத்துவர் அல்ல. ஆனால் காற்றை அளக்கும் வேலையில் பல வீடுகளுக்குள் போயிருக்கிறேன். தெருவில் இருக்கும் புகையைவிட அடுப்படியில் இருக்கும் புகை பல மடங்கு அதிகமாக இருந்த வீடுகள் நிறைய. எரிவாயு இணைப்பு இருந்தும் சிலிண்டர் காசு மிச்சம் என்று வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகே எரிகிறது. உங்கள் வரைவில் சமையலறை பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, கடற்காற்று. கடல் இருந்தால் காற்று சுத்தம் என்று ஊரில் சொல்வது பாதிதான் உண்மை. உங்கள் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது கரையில் எழும் புகை கடலுக்குப் போய்விடும். ஊருக்குள் யாருக்கும் தெரியாது. ஐப்பசி கடைசியில் காற்று வடகிழக்கு வாடைக்குத் திரும்பியதும் அதே புகை ஊரைப் பார்த்து வரும். குப்பைக் கிடங்கு உங்கள் ஊருக்கு வடக்கிலோ வடகிழக்கிலோ கரையோரம் இருந்தால், அம்மாவுக்கு மார்கழியில் இருமல் கூடுவதில் ஆச்சரியமே இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று மேலே எழும்பிப் புகையைக் கலைத்துவிடும். ராத்திரியில் தரை குளிர்ந்து காற்று அடங்கிவிட்டால், புகை மேலே போக வழியில்லாமல் ஓட்டு உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். ஒரே அளவு குப்பை, மத்தியானம் எரிந்தால் ஒரு மடங்கு என்றால், பின்னிரவில் எரிந்தால் சுவாசத்துக்குள் போவது அதைவிடப் பல மடங்கு.

சில வருடங்களுக்கு முன் இதே கடற்கரையில் வேறொரு ஊரில் ஒரு வாரம் தங்கி அளவெடுத்தேன். மீன் இறங்குதளத்தில் படகு டீசல்தான் பெரிய பிரச்சினை என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கருவியை அங்கேதான் வைத்தேன். விசைப்படகுகள் திரும்பி எஞ்சின் உறுமும் நேரத்தில் எண் ஏறும் என்று எதிர்பார்த்தால், அது ராத்திரி பதினோரு மணிக்கு ஏறி விடியற்காலை வரை இறங்காமல் நின்றது. மூன்றாம் நாள் ராத்திரி மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். ஊருக்கு வெளியே ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கிட்டப் போனால் குப்பை மேட்டின் ஓரத்தில் தீ கங்குகளாகக் கனன்றுகொண்டிருந்தது. கிழிந்த நைலான் வலை, மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள், ஈரம் காயாத வாழையிலை, மீன் குடல், பழைய செருப்பு எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. ஈரக்குப்பை எரியவும் இல்லை, அணையவும் இல்லை, புகைந்துகொண்டே இருந்தது. யாரும் வந்து கொளுத்தியதாகத் தெரியவில்லை. பகலில் இடத்தைக் குறைக்க வைத்த நெருப்பின் மிச்சம் அது. அந்தப் புகை கோடு கிழித்த மாதிரி முழங்கால் உயரத்தில் தெருவுக்குள் நுழைவதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் வீட்டுத் திண்ணையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த ராத்திரிக்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இங்கே என்ன எரிகிறது, எங்கே, எத்தனை மணிக்கு?

உங்கள் வரைவில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. அது வேறு ஊருக்குப் போட்ட திட்டம் போலிருக்கிறது. லண்டன் 2019இல் பழைய வாகனங்களுக்குக் கட்டணம் போட்டது, 2023இல் மாநகரம் முழுவதற்கும் அதை விரித்தது. அந்த ஊருக்கு அது சரி. அங்கே நச்சுக்காற்றில் பெரும்பங்கு சாலை வாகனங்களிலிருந்து வந்தது. சென்னை 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் மின்சாரம், போக்குவரத்து, கழிவு, வெள்ளம் என்று விரிந்து, 2050க்குள் கரிமச் சமநிலை (வெளியே விடும் கரிமத்துக்கு ஈடாகக் கழிப்பது) என்ற இலக்கை வைத்திருக்கிறது. அதுவும் அந்த ஊரின் கணக்கிலிருந்து வந்தது. ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைக்கவேண்டிய சட்டையை அப்படியே எடுத்து மாட்டினால் எப்படிப் பொருந்தும்?

தண்ணீர் லாரி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நம் மாநிலத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நகரங்கள் சேர்க்கப்பட்டன. நாடு முழுவதும் அந்தத் திட்டத்தில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்கே போனது என்று தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குப் போட்டுக் காட்டியது. எரிகிற குப்பைக்கும் விறகுக்கும் போனது அதில் ஒரு சிறு பங்குதான். தூசியும் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நுரையீரலின் அடி ஆழம் வரை போய் ரத்தத்தில் கலப்பது மிக நுண்ணிய துகள். அதன் குறுக்களவு 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவோ, அதாவது தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அது பெரும்பாலும் எதையாவது எரிப்பதால் வருகிறது. குடிக்கவே ஊரணியை எதிர்பார்க்கும் ஊரில், சாலையில் தெளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்றும் கேளுங்கள்.

காட்சிப் பலகையைப் பற்றி. எண் தெரிவது நல்லதுதான். நுண்துகளுக்கு நம் நாடு வைத்த வரம்பு, ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் தன் வரம்பை 2021இல் 5 என்று இறக்கியது. உங்கள் ஊர் முதல் வரம்புக்குள் இருக்கலாம், இரண்டாவதைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் கடற்கரையில் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அலை உடையும்போது எழும் உப்புத்துகளும் காற்றில் மிதக்கும். அது பெரும்பாலும் பருமனான துகள், பத்து மைக்ரான் வரையுள்ள துகளின் கணக்கில் போய்ச் சேரும். அதை வைத்துக்கொண்டு ஊரில் மாசு அதிகம் என்றும் சொல்லலாம், எல்லாம் உப்புதான் என்று தட்டியும் கழிக்கலாம். ஆகவே 2.5 எண்ணைத் தனியாகக் கேளுங்கள். மலிவான கருவிகள் ஒளியைப் பாய்ச்சித் துகளை எண்ணுகிறவை. விடியற்காலை ஈரப்பதத்தில் துகள் ஊறிப் பெருத்துவிடுவதால் எண்ணைக் கூட்டிக் காட்டும். அதைத் திருத்த, நல்ல கருவி ஒன்றின் பக்கத்தில் சில வாரம் வைத்து ஒப்பிட வேண்டும். இராமநாதபுரம் நகரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே வைத்து ஒப்பிட்டு வாங்கினீர்களா என்று ஒரே கேள்வி கேளுங்கள். பேருந்து நிலையத்தில் ஒன்று போதாது; குப்பைக் கிடங்குக்கு அடுத்த தெருவில் ஒன்று வேண்டும்.

சரி, இதில் காலநிலை எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் குப்பை மேட்டிலேயே இருக்கிறது. மீன் கழிவு, சோறு, இலை எல்லாம் மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு சூட்டைப் பிடித்துவைக்கும். அதே வாயுதான் மேட்டுக்குள் தீ பிடிக்கவும் உதவுகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும். தீயிலிருந்து வரும் கரும்புகைத் துகளும் வெயிலை உறிஞ்சிச் சூட்டைக் கூட்டுகிறது. ஆனால் அது சில நாள், சில வாரத்தில் படிந்துவிடும். மீத்தேன் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் குறையும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுகள் நிற்கும். ஆக, ஈரக்குப்பையைத் தனியே பிரித்து உரமாக்கினால், அம்மாவின் தெருவுக்கு அடுத்த வாடைக் காலத்திலேயே பலன் தெரியும். காலநிலைக்கும் நம் காலத்திலேயே பலன் தெரியும். ஒரே வேலையில் இரண்டும் நடக்கிற இடம் உங்கள் ஊரில் இதைப்போல வேறு இல்லை.

திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்துவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. ஆனால் கூட்டத்தில் அபராதத்தை முன்னால் வைக்காதீர்கள். அது கடைசியில் தூய்மைப் பணியாளர் தலையில்தான் விடியும். வண்டி எத்தனை, ஆள் எத்தனை, மட்கும் குப்பை போக நுண்ணுர மையம் எங்கே, மீன் கழிவுக்குத் தனித் தொட்டி உண்டா, கிழிந்த வலைகளை எடுத்துக்கொள்ள யார் வருவார்கள் என்று கேளுங்கள். போக இடமில்லாத பொருள்தான் நெருப்புக்குப் போகிறது.

இப்போது கரிமூட்டம். இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். உங்கள் குழுப் பெண்களின் பயம் நியாயமானது. எரிகிற பட்டியலை எழுதச் சொன்னால் மூட்டமும் அதில் வரும். வரட்டும், மறைக்க வேண்டாம். ஆனால் குப்பை மேடும் கரிமூட்டமும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. ஒன்று யாருக்கும் சோறு போடவில்லை. இன்னொன்று, மழை பொய்த்த வருடத்தில் விவசாயக் கூலி இல்லாதபோது உங்கள் பக்கத்து வீடுகளில் உலை ஏற்றியது.

மூட்டத்துக்குப் போகும் சீமைக் கருவை வெட்ட வெட்டத் தழைக்கிறது, அதனால் அந்தக் கரியால் காலநிலைக்குக் கேடில்லை என்று சிலர் சொல்வார்கள். மரம் மறுபடி வளரும்போது கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது சரி. ஆனால் மண் பூசி, காற்றை அடைத்து, மெதுவாக வேகவைக்கும்போது மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் தார்ப்புகையும் சேர்ந்தே வருகின்றன. அவற்றை மரம் திரும்ப எடுத்துக்கொள்ளாது. நான்கைந்து டன் விறகு போய் ஒரு டன் கரி வருகிறது என்றால், மற்றதெல்லாம் புகையாகவும் நீராவியாகவும்தான் போகிறது.

கமுதிப் பக்கம் ஒரு மூட்டத்தின் அருகே இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்த பெரியவர் கடிகாரம் பார்ப்பதில்லை, புகையின் நிறத்தைத்தான் பார்ப்பார். முதலில் பஞ்சுபோல வெள்ளைப்புகை. அது விறகின் ஈரம். அப்புறம் மஞ்சள் ஓடிய, கண்ணைக் கரிக்கும் புகை, அதுதான் மோசமானது. நீலமாகி மெலிந்ததும், பக்கத்தில் விட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாக மண் வைத்து அடைத்துக்கொண்டே வருவார். "பச்சைக் கட்டையை அடுக்கினால் மூணு நாள் வீணா அழும் சார்" என்றார். பொறியியல் புத்தகம் சொல்வதும் அதுவேதான். வெட்டிய விறகைச் சில வாரம் காயவிட்டு அடுக்கினால் புகை குறையும், வேகும் நாளும் குறையும், கரியும் கூடும். புகைபோக்கி வைத்த சூளை, வெளியேறும் வாயுவையே திருப்பி எரித்துக்கொள்ளும் சூளை என்று மேம்பட்ட வகைகள் இருக்கின்றன. அதே விறகில் அதிகக் கரி எடுக்கலாம். ஆனால் அதற்குப் போடும் முதலைக் கூலிக்காரப் பெண்ணால் போட முடியாது. திட்டத்தில் பணம் அங்கே வர வேண்டும். குழுவின் பெயரில் ஒரு முன்மாதிரிச் சூளை என்று எழுதிக் கேளுங்கள். அதுவரை, ஊரை ஒட்டி வாடை வரும் பக்கத்தில் மூட்டம் போடாமல் இடம் மாற்றிக்கொள்ள, மூட்டம் போடுகிறவர்களோடு நீங்களே பேசி முடிக்கலாம். அதற்கு அரசாங்கம் வேண்டியதில்லை.

அந்த ஒன்பது பேருக்கும் ஒரு வார்த்தை. மூட்டத்தைப் பிரிக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள், காற்று வரும் திசையில் நில்லுங்கள். முந்தானையை மூக்கில் கட்டினால் நுண்ணிய கரித்தூளில் பெரும்பகுதி உள்ளேதான் போகும். என்-95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், ஆனால் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் வேலையை அப்படியே விட்டுவிட்டுத் திறந்தவெளிக்கு வந்துவிட வேண்டும். முகக்கவசமும் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் சோதனையும் திட்டச் செலவில் சேர வேண்டும். இதை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

மரக்கன்று விஷயத்தை நீட்ட வேண்டாம். பத்தாயிரம் என்ற எண்ணைவிட, மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு இருக்கும், தண்ணீர் யார் ஊற்றுவார்கள் என்பதே கேள்வி. கரையில் பனை நடுங்கள், அது நம் மண்ணின் மரம். அலையாத்தியை எல்லா இடத்திலும் நட முடியாது. காரங்காட்டில் அது செழிப்பதற்கு அங்கே உப்பங்கழியும் சேறும் இருப்பது காரணம். கடற்புல் கிடக்கும் ஆழமில்லாத இடத்தில் கொண்டுபோய் நட்டால், கரிமத்தைச் சேமித்துவைத்திருக்கும் புல்லையும் கெடுத்து, கன்றையும் இழப்போம்.

மின்சாரப் பேருந்து வந்தால் வரட்டும். ஆனால் உங்கள் ஊரில் டீசல் எங்கே அதிகம் எரிகிறது? படகில், ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரில், இறால் பண்ணையின் காற்றூட்டும் எந்திரத்தில். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 2016 முதல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்சாரம் எடுக்கும் மாவட்டத்தில், ஐஸ் கம்பெனிக் கூரையும் மீன் ஏலக்கூடமும் ஏன் வெறுமனே காய வேண்டும்? வீடுகளுக்கு, 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. கடற்கரையில் சூரியப் பலகையைத் தாங்கும் சட்டம் துருப்பிடித்துத்தான் முதலில் விழும். அலுமினியமோ நல்ல துத்தநாகப் பூச்சோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். படகுக்காரர்களிடம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் எஞ்சின் பழுதுபார்க்கவும் அடிப்பலகை சுரண்டவும் கடனுதவி தர முடியுமா என்று கேட்கலாம். அடியில் சிப்பி ஒட்டிய படகு கூடுதல் டீசல் குடிக்கும். இதில் மிச்சமாகும் காசு அவர்களுக்கே போவதால் யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

கடல் சூடாவது உங்கள் ஊர் உண்டாக்கிய வினை அல்ல. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளம் வெளுத்ததற்கு உங்கள் குப்பை மேடு காரணம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் உண்டாக்காத சூட்டையும் சேர்த்து நீங்கள்தான் தாங்குகிறீர்கள். ஆகவே திட்டத்தில் தாங்கிக்கொள்ளும் வழிகளும் இருக்க வேண்டும். அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மீன் விற்கும் பெண்களுக்கு நிழல், குடிநீர். இவற்றுக்கு ஆகும் செலவையும் ஒரு தண்ணீர் லாரியின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குப் போகும்போது நீளமாக எதுவும் எழுதிக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்வார், எந்தத் தலைப்பில் பணம், எந்த மாதத்துக்குள் என்ற மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். நிரப்ப முடியாத வரி திட்டத்தில் இருந்தும் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை ஊர்ச் சாவடியில் ஒட்டச் சொல்லுங்கள். மூட்டத்தில் வேலை செய்கிற இருவரை உங்களோடு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் சொல்லத் தெரிந்ததை நானோ நீங்களோ சொல்ல முடியாது.

கூட்டம் எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயிருந்தாலும், நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி இன்று ராத்திரியே தொடங்குங்கள். தேதி, மணி, எங்கே புகை, என்ன எரிகிறது, காற்று வாடையா, கச்சானா, கிழக்கேயிருந்து வரும் கொண்டலா என்று ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். குழுப் பெண்கள் முறைவைத்து எழுதலாம், பள்ளிப் பிள்ளைகளும் உதவுவார்கள். கருவி வரும்போது இந்த நோட்டுதான் அதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லும். கடைசியில் ஒரு கட்டம் தனியாகப் போட்டு, அன்று ராத்திரி அம்மா எத்தனை முறை எழுந்து இருமினார் என்பதையும் குறித்து வையுங்கள்.